திருநாளைப்போவாரும் நம்முடைய நாளையும்



புரட்டாசி மாதம் ரோகிணி நட்சத்திரம், திருநாளைப்போவார் நாயனாரின் குருபூஜை நாள். நந்தனார் என்றால் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். தில்லைக்குப் போக வேண்டும் என்று உருகுவார். "நாளைப் போவேன்" என்பார். மறுநாள் விடிந்தால் மறுபடியும் "நாளைப் போவேன்" என்பார். அந்தச் சொல்லே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் அந்தப் பெயரைச் சொல்லியே அவரை வணங்குகிறார்.

தேராவில் வாழும் நமக்கு இந்தப் பெயரைக் கேட்டால் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நாமும் தினமும் சொல்வது இதைத்தானே? பாதியில் நின்ற பட்டப் படிப்பை முடிக்க வேண்டும், நாளை. சர்க்கரை இருக்கிறதா என்று ரத்தம் பரிசோதிக்க வேண்டும், நாளை. ஊரில் அம்மாவிடம் நிதானமாக ஒரு மணி நேரம் பேச வேண்டும், நாளை. முன்பெல்லாம் "வர்ற வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்போம். 2022 ஜனவரியில் இந்த நாட்டின் அரசு வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறியது. நாமும் "வர்ற ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்று மாற்றிக்கொண்டோம். கிழமை மாறியது, வேலை அப்படியே இருக்கிறது.

கோயில் விஷயத்திலும் அப்படித்தான். கடற்கழியில் அப்ரா ஏறினால் சில நிமிடத்தில் அக்கரை. பர் துபாயில் இறங்கிச் சந்து வழியே நடந்தால் சிவன் சந்நிதி. "பக்கத்தில்தானே இருக்கிறார், அடுத்த வாரம் போகலாம்" என்று எத்தனை வாரம் தள்ளினோம்! 2024 தொடக்கத்தில் அந்தச் சிவன் கோயில் ஜெபல் அலிக்கு இடம் மாறிவிட்டது. 2022 அக்டோபரில் அங்கே அழகான கோயில் திறக்கப்பட்டிருக்கிறது, தரிசனத்துக்குக் குறையில்லை. ஆனாலும் படகிறங்கி அந்தப் பழைய சந்நிதிக்கு நடந்துபோகும் பாக்கியம் இனி இல்லை. நாம் காத்திருக்கச் சொன்னால் எல்லாம் காத்திருக்கும் என்று நினைக்கிறோம். இறைவனின் சந்நிதியே இடம் மாறும்போது, மனிதர்கள் எம்மாத்திரம்?

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. "நாளை" என்று சொன்ன நந்தனார் நாயனாராக வணங்கப்படுகிறார். அதே சொல்லைச் சொல்லும் நாம் ஏன் இருந்த இடத்திலேயே இருக்கிறோம்?

இதற்குச் சேக்கிழார் பெருமானிடம் பதில் இருக்கிறது. சினிமாவிலும் கதாகாலட்சேபத்திலும் நாம் கேட்ட நந்தனார் கதையில் ஒரு பண்ணையார் வருவார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்பார். அந்தப் பகுதி 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய கீர்த்தனைகளால் பரவியது. 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் பண்ணையார் இல்லை. அங்கே நந்தனாரைத் தடுத்தது தீண்டாமை. இரவெல்லாம் தில்லை நினைவில் தூக்கம் வராது. பொழுது விடிந்ததும், நம் பிறப்புக்கு உள்ளே விடுவார்களா என்று கால் தயங்கும். ஆசை மறுபடி பொங்கும். அப்போதுதான் "நாளைப் போவேன்" என்பார்.

ஆகவே அந்த "நாளை" சோம்பலில் பிறந்ததன்று. பிறர் எழுப்பிய சுவரின் முன்னே நின்று சொன்னது. அந்தச் சுவர் அவரோடு இடியவும் இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதிதான். சேக்கிழார் காலத்துக்குப் பிறகும் எத்தனை நூற்றாண்டு "நாளை"! நந்தனாரைத் தாமதக்காரர் என்று நாம் சொன்னால் அது பெரிய அபசாரம்.

இப்போது அவர் கைகளைக் கவனியுங்கள். உள்ளே போக முடியாத காலத்தில் அவர் சும்மா இருந்தாரா? சிவாலயங்களின் பேரிகைக்குத் தோல் கொடுத்தார். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தார். பூஜைக்குக் கோரோசனை கொடுத்தார். அவர் வாசலில் நின்றார், அவர் கொடுத்த தோல் சந்நிதியில் முழங்கியது. திருப்புன்கூருக்குப் போனார். வெளியிலிருந்து தரிசிக்க நந்தி மறைத்தது. சிவலோகநாதர் நந்தியை விலகச் செய்து காட்சி தந்தார். அதோடு வீடு திரும்பினாரா? பக்கத்தில் ஒரு பள்ளத்தைப் பார்த்தார். அதை வெட்டிக் குளமாக்கிவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

தில்லைக்கும் ஒருநாள் புறப்பட்டே விட்டார். யாராவது உத்தரவு கொடுத்தார்களா? இல்லை. சுவர் அப்படியேதான் இருந்தது. எல்லை வரை போக முடியும், அதுவரை போனார். ஊரெல்லையை இரவும் பகலும் வலம் வந்தார். தன்னால் ஆன கடைசி அடியை அவர் வைத்த பிறகுதான் கூத்தப்பெருமான் கனவில் வந்தார். வழி முழுதும் திறக்கட்டும் என்று அவர் ஆதனூரிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. இதுதான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம்.

நம்முடைய "நாளை" எப்படிப்பட்டது? பகவத்கீதை 18ஆவது அத்தியாயத்தில் தாமச குணமுள்ளவனை வர்ணிக்கும்போது ‘தீர்க்கசூத்ரி’ என்று ஒரு சொல் வருகிறது. நீண்ட நூலை உடையவன் என்று பொருள். ஒரு நாள் வேலையை ஒரு மாதத்துக்கு நூலாக இழுப்பவன். வள்ளுவரும் மடியின்மை அதிகாரத்தில் இதை ‘நெடுநீர்’ என்கிறார். அதிலும் ‘நெடு’ என்றே வருகிறது பாருங்கள். தாமதம், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கும் கெடப்போகிறவர்கள் ஆசையாக ஏறும் மரக்கலங்கள் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். தேரா துறையில் சரக்கு ஏற்றி நிற்கும் மரக்கலங்களைத் தினமும் பார்க்கிறோம். ஓட்டைக் கலத்தில் யாரும் ஒரு மூட்டை கூட ஏற்ற மாட்டார்கள். நாமோ வாழ்நாளையே ஏற்றுகிறோம்.

பிறருக்குச் சொல்லுமுன் நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் தேவார வகுப்பு என்று நம் குழுவினர் கூடித் தீர்மானித்தோம். முதலில் ஹால் கிடைக்கவில்லை என்றோம். பிறகு ரம்ஜான் முடியட்டும் என்றோம். பிறகு வெயில் லீவில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்களே என்றோம். இப்படியே நாலு வருஷம். முதல் பட்டியலில் பெயர் எழுதிய பிள்ளைகளில் சிலர் பள்ளி முடித்துக் கல்லூரிக்கே போய்விட்டார்கள். அவர்களுக்கு நாம் ஒரு பதிகம்கூடக் கற்றுத்தரவில்லை. அந்த வருஷங்களை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. கடைசியில் ஓர் அன்பர் வீட்டு ஹாலில், பாய் விரித்து, நான்கே குழந்தைகளோடு ஆரம்பித்தோம். அன்று தேவைப்பட்டது ஒரு பாயும் ஒரு விளக்கும்தான். அவை முதல் வருஷமே நம்மிடம் இருந்தன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம்மில் பலருடைய "நாளை" உண்மையிலேயே சுவருக்கு முன்னால் நிற்கும் "நாளை". லேபர் கேம்ப்பில் இருக்கும் தம்பிக்கு லீவு கையெழுத்தாக வேண்டும், டிக்கெட் வர வேண்டும், ஊர்க்கடன் அடைய வேண்டும். அவரைப் பார்த்து முயற்சி போதவில்லை என்று உபதேசம் செய்வது தர்மமாகாது. சுவர் முன்னே நிற்பவருக்குக் கை கொடுப்பதுதான் சத்சங்கத்தின் வேலை. மனுவோ படிவமோ எழுத உதவி வேண்டுமென்றால் தயங்காமல் பூஜை முடிந்ததும் நம்மிடம் சொல்லுங்கள்.

மற்றவர்கள் இன்றிரவு விளக்கேற்றியதும் ஒரு நிமிடம் உட்காருவோம். நாம் தள்ளிப்போடும் காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது சுவரா, நூலா என்று கேட்டுப் பார்ப்போம். நூலாக இருந்தால் இன்றே அறுத்துவிடலாம். அம்மாவுக்குப் போன் செய்ய எந்தப் பண்ணையாரின் உத்தரவும் வேண்டாம். சுவராகவே இருந்தாலும் நந்தனாரைப் போல் இன்றைக்கு ஆன பங்கு ஒன்று இருக்கும். படிப்பு என்றால் ஒரு பக்கம். கடன் என்றால் இந்த மாதத்துக்கு ஒரு சிறு தொகை. ஊருக்குப் போக முடியவில்லை என்றால் ஒரு கடிதம், ஒரு குரல்.

பெரிய சங்கல்பம் செய்துவிட்டு மூன்றாம் நாள் சோர்ந்துபோவது நமக்குப் பழக்கம். ஆகையால் சின்னதாகவே எடுத்துக்கொள்வோம். தினமும் ஒரே நேரத்தில், விளக்கேற்றுவதோடு சேர்த்தே செய்வோம். வீட்டில் ஒருவரிடம் சொல்லியும் வைப்போம். ஒருநாள் தவறினால் வருந்தி உட்கார வேண்டாம், மறுநாள் விளக்கு மறுபடியும் ஏற்றப்படும் அல்லவா?

நந்தனார் வெட்டிய பள்ளத்தில் நீர் நிறைந்தது. நம் வீட்டு முன்னாலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மண்வெட்டி நம் கையில் இருக்கிறது. தேவார வகுப்பு இப்போதும் நடக்கிறது, பிள்ளைகளை இந்த வாரமே அழைத்து வாருங்கள். "அடுத்த வாரம்" என்று மட்டும் சொல்ல வேண்டாம்!

தில்லைக் கூத்தன் நம் எல்லோருக்கும் ஊக்கமும் உறுதியும் தந்து அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.