முகத்துவாரத்தை நீ கணக்குப் போடு!

லைட்ஹவுஸ் குப்பத்துப் பிள்ளையே, உன்னிடம்தான் பேசுகிறேன்!

ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் பழவேற்காடு ஏரி. முகத்துவாரம் தூர்ந்தால் படகு போகாது. கடல்நீர் உள்ளே வராது. இறால் குஞ்சும் வராது.

மணல் எங்கே சேருகிறது? எங்கே வெட்டினால் நிற்கும்? யாரோ வந்து சொல்வார்கள் என்று இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பாய்? கம்ப்யூட்டரில் நீயே கணக்குப் போடு!

"கம்ப்யூட்டர் மாடலா? லட்சக்கணக்கில் ஆகுமே!"

ஆகாது! கடலையும் ஏரியையும் முக்கோணங்களாய்ப் பிரித்து வலை பின்ன ஜிமெஷ். நீரோட்டம் கணக்கிட டெலிமாக். விடையைப் படமாய்ப் பார்க்க பாராவியூ. மூன்றும் இலவசம்!

"எனக்குப் புரியாது!"

உனக்கா? எந்த மீனுக்கு எந்தக் கண் வலை என்று பார்த்து வளர்ந்த பிள்ளை நீ! இங்கேயும் அப்படித்தான். ஆழ்கடலில் கிலோமீட்டர் அகல முக்கோணம் போதும். முகத்துவாரத்தில் 20 மீட்டர் வேண்டும். எல்லா இடத்திலும் பொடியாய்ப் போட்டால் லேப்டாப் திணறிவிடும்.

ஐதராபாத் இன்காய்ஸ் நிறுவனம் புயல் அலையைக் கணிக்கும் ஆட்சர்க் மாடலும் இப்படிப்பட்ட முக்கோணங்களில்தான் ஓடுகிறது.

முதல் தடவை கணக்கு வெடிக்கும். அலை மலை உயரம் என்று திரை காட்டும். ஒரு மென்பொருளின் கோப்பை அடுத்தது படிக்க மறுக்கும். இங்கேதான் பலர் மூடிவைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். நீ எழாதே!

ஏன் வெடித்தது? தோண்டிப் பார்!

10 மீட்டர் ஆழத்தில் நீண்ட அலை நொடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர் ஓடும். உன் முக்கோணம் 20 மீட்டர். நீ 5 நொடிக்கு ஒருமுறை கணக்கிடச் சொன்னாய். ஒரே தாவலில் அலை இரண்டு முக்கோணத்தைத் தாண்டிவிட்டது! பல கணிப்பு முறைகள் இதைத் தாங்காது.

ஒரு தாவலில் அலை ஒரு முக்கோணத்துக்கு மேல் தாண்டக் கூடாது. கூரண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி என்ற மூன்று கணித அறிஞர்கள் இந்த வரம்பை எழுதியது 1928-இல். அன்று கணினியே கிடையாது! காகிதத்தில் கண்டார்கள். லேப்டாப்பை வைத்துக்கொண்டு நீ பயப்படுகிறாயா?

தாவலை 1 நொடியாக்கு. மறுபடி ஓட்டு!

ஓடிவிட்டதா? துள்ளாதே. முக்கோணங்களையும் கூடவே தாவலையும் பாதியாய்ச் சுருக்கி இன்னொரு முறை ஓட்டு. விடை மாறினால் அதை நம்பாதே. மாறாமல் நிற்கும்வரை சுருக்கு. சலிப்பான வேலைதான். செய்!

அப்புறம் ஆழம். ஒவ்வொரு வாடைக்கும் மணல் திட்டு இடம் மாறுகிறது. பழைய ஆழத்தைக் கொடுத்தால் எப்பேர்ப்பட்ட மாடலும் பொய்தான் சொல்லும். புது ஆழம் யாரிடம் இருக்கிறது? தினமும் அந்த வழியே போய்வரும் உங்கள் வீட்டுப் படகிடம்!

மீட்டர் குறித்த கழி ஒன்று. போனில் ஜிபிஎஸ். ஓதம் ஏறி இறங்குவதால் ஒவ்வோர் அளவுக்கும் நேரத்தையும் எழுத வேண்டும்.

நாளைக்கு அப்பா படகு தள்ளும்போது நீயும் ஏறு. நோட்டை எடுத்துக்கொண்டு ஏறு!