கோட்டுக்குள் இருப்பவர்கள்

அபாயத்தை அறிந்தவன், அதன் அருகில் வாழ்கிறவனுக்கு அதைச் சொல்லித்தான் ஆகவேண்டுமா? சொல்லிவிட்டால் அவன் கடமை தீர்ந்துவிடுமா?

நெதர்லாந்து நாட்டில் என்ஸ்கெடே என்றொரு நகரம். அங்கே ஒரு வாணவெடிக் கிடங்கு இருந்தது. கட்டிய காலத்தில் அது ஊருக்கு வெளியேதான் இருந்தது. பிறகு ஊர் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது. 2000ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கிடங்கு வெடித்தது. 23 பேர் மாண்டார்கள். ஏறத்தாழ 400 வீடுகள் அழிந்தன. உள்ளே இருந்த சரக்கு எத்தகையது என்பதைச் சுற்றிலும் வாழ்ந்தவர்களில் பலர் அறியார்.

அதன் பிறகு அந்நாட்டார் அபாயங்களைக் கணினிப் படத்தில் வரைந்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஒரு படத்தில் ஆலைகளும் கிடங்குகளும். மற்றொன்றில் வீடுகளும் பள்ளிகளும். கணினி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திக் காட்டுகிறது. 2004இல் ஒரு கணக்கையும் விதியாக்கினார்கள். ஆலைக்கு அருகே ஓர் இடத்தில் ஒரு மனிதன் இரவும் பகலும் ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் நிற்பதாக வைத்துக்கொள்வது. விபத்தால் அவன் ஓராண்டில் சாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கு மேற்பட்டால், அங்கே புதிய குடியிருப்பு கூடாது.

அந்த மனிதன் கணக்குக்காகப் பிறந்தவன். அவனுக்கு வீட்டுக் கடன் இல்லை; நடக்கமாட்டாத தாய் இல்லை; அதே ஆலையில் வேலையும் இல்லை. கோட்டுக்குள் ஏற்கெனவே குடியிருக்கும் உண்மையான மனிதனுக்கோ இவையெல்லாம் உண்டு. படம் வெளியானால் அவன் வீட்டின் விலை சரியும். வசதி உள்ளவன் போய்விடுவான், இல்லாதவன் தங்கிவிடுவான்.

அப்படியானால் மறைத்து வைப்பதே கருணை என்று சிலர் சொல்லக்கூடும். அது கருணையன்று. ஒருவன் உயிரைப் பற்றிய முடிவை, அவனைக் கேளாமல் நாமே எடுத்துக்கொள்வதாகும்.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், பிரான்சில் துலூஸ் நகரத்து உரத் தொழிற்சாலை வெடித்து 31 பேர் இறந்தார்கள். 2003இல் பிறந்த சட்டம் கோடு வரைவதோடு நிற்கவில்லை. அபாயம் மிகுந்த பகுதியில் வீடு உடையவன், அதை வாங்கிக்கொள்ளும்படி கேட்கும் உரிமையையும் அளித்தது. நீதியின் முதல் அடி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 'நீ அபாயத்தில் இருக்கிறாய்' என்று ஒருவனிடம் சொன்ன கணமே, அவன் வெளியேறும் வழிக்கு நாமும் பொறுப்பாகிவிடுகிறோம். வழியைத் தராமல் படத்தை மட்டும் தருவது, ஆலையின் பாரத்தை அவன் தலையில் இறக்கிவைப்பதே அல்லவா?