நலமே என்று சொன்ன நாவு

தனக்குக் கிடைக்க வேண்டியதை ஒருவன் வழக்குரைத்துப் பெறுவது பொறுமைக்கு மாறான செயலா? மதரஸாவில் பாடம் ஓதிய இளமைக் காலத்தில் இவ்வினாவுக்கு ஒரு வரியில் விடை எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன் நான். கவுஞ்சி மலைச் சிற்றூரிலிருந்து ஓர் உழவர், கையில் ஒரு சான்றிதழுடன் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்த நாளில்தான், அந்த ஒரு வரி போதாது என்பதை உணர்ந்தேன்.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் வழியாகச் செல்லும் மலைச்சாலையில் உள்ளது கவுஞ்சி. மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டிக் கற்கட்டி அமைத்த வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். அந்தப் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கிவரும். அங்கே மண்டி வைத்திருந்த என் தமையனார் வழியாகத்தான் அவ்வுழவர் எங்களுக்கு அறிமுகமானார். அவர் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் முப்பது ஆண்டுப் பழக்கம் உறவுக்குக் குறைந்ததன்று.

ஒரு மழைக்காலத்தில் மூட்டையுடன் கற்கட்டிலிருந்து வழுக்கி விழுந்ததில் அவருடைய தொடையெலும்பு முறிந்தது. எலும்பு கூடிற்று, கால் பழைய கால் ஆகவில்லை. சமதரையில் விந்தி விந்தி நடப்பார். சரிவில் ஏற மகனுடைய தோள் வேண்டும். குத்தவைத்து அமர இயலாது. பூண்டு ஊன்றுவதும் களையெடுப்பதும் குத்தவைத்துச் செய்யும் வேலைகள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. போதாதற்கு, இரு செவிகளும் நெடுநாளாகவே மந்தம்.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காக அவர் மருத்துவக் குழுவின் முன் சென்றார். விடியுமுன் பேருந்தேறி, மலையிறங்கி, நீண்ட வரிசையில் நின்று, நண்பகலுக்குப் பின் உள்ளே அழைக்கப்பட்டார். மருத்துவர் கேட்டார்: "எப்படி இருக்கிறீர்கள்?" இவர் சொன்னார்: "சாமி புண்ணியத்துல நல்லா இருக்கேன் சார்." "நடப்பீர்களா?" "நடப்பேன் சார்." பளபளக்கும் தளத்தில் பத்தடி நடந்து காட்டினார். அவ்வளவுதான். 30 விழுக்காடு என்று எழுதப்பட்டது.

அந்த எண்ணின் பொருளை வாசகர்கள் அறிய வேண்டும். 2016-இல் இயற்றப்பட்டு 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த 7 வகை ஊனங்களை 21 ஆக விரித்தது. அரசுப் பணியில் இடஒதுக்கீடு உள்ளிட்ட பல உரிமைகளுக்கு 40 விழுக்காடு என்னும் வரம்பைக் கட்டிற்று. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையே இருப்பது பத்து எண்கள்தாம். ஆனால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் எரியாததும் சிலவேளை அந்தப் பத்துக்குள் அடங்கிவிடுகின்றது.

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். "விட்டுருங்க பாய். மேலே இருக்கிறவன் பார்த்துக்குவான். இல்லைன்னு சொன்ன இடத்துல போய் வழக்காடுறது நமக்கு அழகா?" அருகிலிருந்த அவர் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. "இவரு கௌரவம் பார்க்குறாரு பாய். குத்தவைக்க முடியாத மனுசனோட கௌரவம் களையெடுக்குமா?" என்றார்.

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. அதனால்தான் வினா கடினமாயிற்று.

முதலில் பொறுமையை எடுத்துக்கொள்வோம். சபுரு என்பது விதியால் வந்த துன்பத்தை முறுமுறுக்காது தாங்குவது. கால் முறிந்தது விதி. அதை அவர் தாங்கினார், இன்றும் தாங்குகின்றார். ஆனால் 30 என்ற எண் விதியன்று. அது மனிதர் அளந்த அளவு. மனிதர் அளவையில் பிழை நேரலாம். கடையில் எடை குறைந்தால் திரும்ப நிறுக்கச் சொல்லுகிறோம். அதை எவரும் பொறுமையின்மை என்று சொல்வதில்லை. அளவையில் குறைசெய்வாரைத் திருமறை ஒரு தனி அத்தியாயத்திலேயே கண்டிக்கின்றது. அளவு சரியா என்று கேட்பது அளப்பவனுக்கும் செய்யும் நன்மையாகும்.

அடுத்து, இது யாசகமா என்னும் ஐயம். இமாம் அபூயூசுஃப் அவர்கள் தம் 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்துள்ளார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள், வாசல்தோறும் கையேந்தி நின்ற பார்வையற்ற முதியவர் ஒருவரைக் கண்டார்கள். அவர் ஒரு யூதர். உமர் (ரலி) அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். அத்தோடு நின்றிருந்தால் அது தருமம். அவர்களோ பொதுநிதிக் காப்பாளருக்கு ஆளனுப்பி, இவரையும் இவர் போன்றோரையும் கவனிக்குமாறு கட்டளையிட்டார்கள். அந்தக் கட்டளையால் தருமம் உரிமையாயிற்று. யாசகம் கேட்பவன் பிறர் பொருளைக் கேட்கின்றான். ஹக்கைக் கேட்பவன் தன் பங்கைக் கேட்கின்றான். இரண்டும் ஒரே குரலில் கேட்கப்படலாம், இரண்டும் ஒன்றல்ல.

இனி, என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த செய்திக்கு வருகின்றேன். அவர் 'நல்லா இருக்கேன்' என்றது நன்றியின் சொல். நம் வீடுகளில் காய்ச்சலில் கிடப்பவரிடம் நலம் கேட்டாலும் 'அல்ஹம்துலில்லாஹ்' என்றே பதில் வரும். அது இறைவனிடம் சொல்லும் சொல். அதையே மருத்துவக் குழுவின் முன் சொல்லும்போது அது வாக்குமூலம் ஆகிவிடுகின்றது. ஷுக்ரு வேறு, ஷஹாதத் வேறு. சாட்சியத்தை மறைக்கலாகாது என்பது இறைவாக்கு. தன்னைப் பற்றிய சாட்சியத்தைத் தானே மறைப்பது மட்டும் எப்படிக் கூடும்? உள்ளதை மிகைத்துச் சொல்வது பொய் என்று நாமறிவோம். உள்ளதைக் குறைத்துச் சொல்வதும் உண்மையன்று என்பதை மறந்துவிடுகின்றோம். அது பணிவின் ஆடையை உடுத்தி வருவதால் ஏமாந்துபோகின்றோம்.

ஆயின் வாய்ச்சொல் மட்டும் போதுமா? போதாது. உரிமை கோருபவன்மீதே சான்று காட்டும் கடமை உள்ளது என்பது நம் ஃபிக்ஹின் அடித்தள விதிகளுள் ஒன்று. 'என்னை நம்பவில்லையா?' என்று மனம் நோவது இங்கே பொருந்தாது. அலீ (ரலி) அவர்கள் செய்த ஒரு பரிசோதனையை, 1223-இல் மறைந்த இப்னு குதாமா அவர்களின் 'அல்முக்னீ' எடுத்துரைக்கின்றது. அடிபட்டுக் கண்பார்வை குறைந்த ஒருவர் இழப்பீடு கோரி வந்தார். அவருடைய ஒரு கண்ணைக் கட்டி, ஒருவரிடம் முட்டையைக் கொடுத்து விலகி நடக்கச் செய்து, பார்வை எட்டிய எல்லையில் கோடு கிழித்தார்கள். மற்றைக் கண்ணையும் அவ்வாறே அளந்தார்கள். பின்னர் இடத்தை மாற்றி மீண்டும் அளந்து, இரு முறையும் அளவு ஒத்திருந்ததைக் கண்ட பின்னரே, குறைந்த பார்வைக்கு ஈடாகக் கொடுக்கச் செய்தார்கள். அந்த மனிதரை அவர்கள் பொய்யர் என்று தள்ளவில்லை. சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை. அளந்தார்கள், மறுமுறையும் அளந்தார்கள். அளவையின் ஒழுக்கம் முழுதும் இதில் அடங்கியிருக்கின்றது.

நம் நாட்டு அளவையும் இவ்வகையிலானதே. 2018 ஜனவரியில் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் (இவை 2024 மார்ச்சில் திருத்தப்பட்டன) காலின் ஊனத்தை அசைவு, வலிமை, நிலைப்பு என்று பிரித்து அளக்கச் சொல்லின. நிலைப்பை அறியச் சமதரையில் நடப்பதோடு சரிவில் நடத்தல், படியேறுதல், குத்தவைத்தல், சப்பணமிட்டு அமர்தல் முதலியவற்றையும் பார்க்க வேண்டும். கவுஞ்சி உழவருக்கு வேண்டிய வினா ஏட்டிலே இருந்தது. அவரிடம் அது கேட்கப்படவில்லை. இன்னொன்று: ஒருவருக்கு இரு ஊனங்கள் இருப்பின் இரண்டையும் சேர்த்துக் கணக்கிட ஒரு முறை உண்டு. தொண்ணூறிலிருந்து பெரிய எண்ணைக் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, தொண்ணூறால் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். 30-உம் 20-உம் தனித்தனியே நாற்பதை எட்டா. சேர்த்துக் கணக்கிட்டால் 43-ஐத் தாண்டும். செவியைப் பற்றி அவர் வாய் திறக்காமையால் அது எவர் கணக்கிலும் ஏறவில்லை.

ஆகவே சான்றுகளைத் திரட்டினோம். முதலில், முறிவுக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் விடுவிப்புக் குறிப்பும் எக்ஸ்ரே படங்களும். அடுத்து, செவிப்புலன் சோதனை அறிக்கை. பின்னர், 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதி, குழுவின் அளவைத் தாளின் நகலைக் கேட்டுப் பெற்றோம். குத்தவைத்தல் 'இயலும்' என்று அதில் குறிக்கப்பட்டிருந்தது. இறுதியாக, ஒரு வாரத்து நாட்குறிப்பு. மனைவி சொல்ல, மகன் எழுதினான். ஏறிய படிகள், பிடித்த தோள்கள், வலியால் விழித்த இரவுகள் எல்லாம் அதில் வந்தன. மலங்கழிக்க அமர இயலாது அவர் படும் பாட்டைச் சொல்லும் இடத்தில் மகனின் பேனா நின்றது. "இதையுமா எழுதணும், பாய்?" என்று தந்தை தலைகுனிந்தார். எழுதத்தான் வேண்டும் என்றேன். மருத்துவரின் அளவுகோலை நாட்குறிப்பு மாற்றாது. எங்கே அளக்க வேண்டும் என்பதை அது காட்டும்.

சட்டத்தின் 59-ஆம் பிரிவு, சான்றளிப்போர் முடிவால் பாதிக்கப்பட்டவர் மாநில அரசு வகுத்த காலத்துக்குள் மேல்முறையீடு செய்ய இடமளிக்கின்றது. மனு எழுதவும் வாதாடவும் பொருளில்லை என்பார்க்கு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவச உதவியை உரிமையாக்கியுள்ளது. அவர் மீண்டும் அளக்கப்பட்டார். கால் 36, செவி 12. சேர்த்துக் கணக்கிட 43.

அளந்த பின்னும் 34 என்றே வந்திருந்தால்? ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். நாம் வேண்டியது ஒரு மெய்யான அளவை, விரும்பிய எண்ணையன்று. இல்லாத ஊனத்தைச் சொல்லிச் சலுகை பெறுவோர்க்கு 91-ஆம் பிரிவு ஈராண்டு வரை சிறையோ, ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கின்றது. அத்தகையோர் ஒவ்வொருவரும் உண்மையாளர் ஒருவர்மீது ஐயத்தை ஏற்றிவிட்டுச் செல்கின்றனர். அது சட்டக் குற்றம் மட்டுமன்று, பிறன் பங்கைத் திருடுவதுமாகும்.

அளப்போர்க்கும் அமானத் உண்டு. மருத்துவக் கல்வி நாடிய ஒரு மாணவரின் வழக்கில், விழுக்காட்டு எண் ஒன்றே ஒருவரைத் தள்ளிவிடாது. படிப்பைத் தொடர அவ்வூனம் தடையா என்று குழு ஆராய்ந்து காரணங்களையும் பதிய வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன் 2021 பிப்ரவரியில், எழுதுகையில் கை இறுகும் நோயுடைய தேர்வர் ஒருவர் வழக்கில், துணை எழுத்தர் பெற 40 விழுக்காடு இருந்தே ஆக வேண்டும் என்னும் நிபந்தனை செல்லாது என்றும் கூறியது. எண் மனிதனுக்காக, மனிதன் எண்ணுக்காக அல்லன். இதனை நெடுவரிசை முன்னே களைத்து அமர்ந்திருக்கும் மருத்துவரும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவர் களைப்பை நாமும் நினைத்து, காகிதங்களை ஒழுங்காக அடுக்கி எடுத்துச் செல்லல் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பின் எஞ்சுவது நம் பங்கு. நம் மஹல்லாவில், நம் அண்டை வீட்டில், 'நல்லா இருக்கேன்' என்று சொல்லி ஒதுங்கிவிடுவோர் எத்தனை பேர்? மனு எழுதத் தெரிந்த ஒருவர், உடன் பேருந்தேற ஒருவர், வெட்கப்படும் செய்தியை வெட்கமின்றிக் கேட்கும் ஒருவர், இம்மூவர் ஓர் ஊரில் இருந்தால் போதும். சாட்சி சொல்லும் கடமை உரியவனோடு முடிந்துவிடுவதில்லை. கண்டவர்கள் அனைவரையும் அது பற்றுகின்றது.

புதிய சான்றிதழ் வந்த அன்று அவ்வுழவர் ஒரு சிறு பையில் மலைப்பூண்டுடன் வந்தார். வழக்கம்போல் நலம் கேட்டேன். "நல்லா இருக்கேன் பாய்" என்றார். சற்று நிறுத்தி, "கால்தான் நேத்து ராத்திரி தூங்கவிடலை" என்று சேர்த்துச் சொன்னார்.