சுமையாய் இருக்கும் உரிமை

தீராநோயுற்றோர் தம் சாவைத் தாமே தேர்ந்துகொள்ள உரிமை உண்டா? ஐந்தாம் கட்டளையைச் சொல்லி இவ்வினாவை முடித்துவிட விழைகிறோம். கட்டளை மாறாது, ஆயினும் கேட்பவரின் அச்சத்தை அது மட்டும் தீர்ப்பதில்லை.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1997 முதல் இவ்வுரிமை நடைமுறையில் உள்ளது. ஆறு மாதங்களுக்குள் இறப்பு நேருமென இரு மருத்துவர் உறுதிசெய்தால், நோயாளி உயிர்போக்கும் மருந்தைப் பெற்றுத் தாமே அருந்தலாம். அவர்களின் காரணங்களை அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. வலியே முதலிடம் பெறும் என எண்ணுவோம். இல்லை. தன் செயல் தன் கையில் இல்லாமற்போவதே முன்நிற்கிறது. குடும்பத்துக்குச் சுமையாவேனோ என்னும் கலக்கமும் வலியினும் மிகுதியாகச் சொல்லப்படுகிறது.

வலியைத் தாங்கியே தீரவேண்டும் என்று திருச்சபை கற்பிக்கவில்லை. நோக்கம் வலி தணிப்பதேயாயின், ஆயுள் சற்றுக் குறைய நேரினும் மருந்து கொடுக்கலாமெனத் திருத்தந்தை 12ஆம் பயஸ் 1957இல் விளக்கினார். (இதனை மறந்த மறையுரைகள் உண்டு.) 1967இல் சிசிலி சாண்டர்ஸ் இலண்டனில் திறந்த புனித கிறிஸ்டோபர் இல்லம், மார்பினை வேளை தவறாது அளித்து வலியை அடக்கிக் காட்டியது.

சுமை என்னும் எண்ணத்துக்கு மார்பின் உதவாது. சாவு ஓர் உரிமையானபின், படுக்கையில் கிடப்பவர் தாம் இன்னும் வாழ்வதற்குக் காரணம் காட்டவேண்டியவராகிறார். முன்பு எவரும் அதைக் கேட்டதில்லை. பிறர்க்கென வாழ்ந்து பழகியவரே முதலில் விலகிக்கொள்ள முன்வருவார். நாம் இவ்வுரிமையை மறுப்பது இதனாலும்தான். ஆனால் அத்தகைய சட்டம் இல்லாத நம் வீடுகளிலும், படுக்கையருகே நின்று மருத்துவமனைக் கட்டணத்தைக் கூட்டிப் பார்ப்போர் அதே வினாவை அவர்முன் வைக்கின்றனர். கண்மூடிக் கிடப்பவருக்குக் காது கேட்கிறது.