முளை அடிக்கும் இடம்



பொதுக்காலம் 21ஆம் ஞாயிறின் முதல் வாசகத்தில் இறைவாக்கினர் எசாயா ஒரு முளையைப் பற்றிப் பேசுகிறார். அரண்மனைப் பொறுப்பில் இருந்த செபுனா, தனக்கென்று உயரத்தில் கல்லறை வெட்டிக்கொண்டிருந்தவன். ஆண்டவர் அவனை அகற்றிவிட்டு எலியாக்கிமை அமர்த்துகிறார். உறுதியான இடத்தில் அடித்த முளையாக அவனை ஆக்குவேன் என்கிறார். வாசகம் 23ஆம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. வீட்டுக்குப் போய் அடுத்த இரண்டு வசனங்களையும் படியுங்கள். குடும்பத்தின் பாரம் முழுவதும், கிண்ணம் குடம் உட்பட, அந்த ஒரே முளையில் தொங்குகிறது. பிறகு முளை பெயர்ந்து விழுகிறது.

ஊரில் கல்வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஆணி எங்கே அடிப்பது என்பது ஒரு கேள்வியே இல்லை. இங்கே ரொறன்ரோவில் நாம் சுவர் என்று சொல்வது பெரும்பாலும் அரை அங்குல ட்றைவோல். பாரம் தாங்குவது அதற்குப் பின்னால் நிற்கும் மரக்கட்டை, ஸ்ரட். புதிய வீடுகளில் ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு வழக்கமாக 16 அங்குலம், சில இடங்களில் 24. ட்றைவோல் பலகையின் அகலம் 48 அங்குலம். அதன் விளிம்பு கட்டையின்மேல் வந்து முடியவேண்டும், அதுதான் காரணம். இரண்டாம் உலகப்போருக்கு முந்திய வீடுகள் பலவற்றில் இந்தக் கணக்கு எடுபடாது. அன்று மெல்லிய மரச்சட்டங்களை வரிசையாக அடித்து, மேலே சாந்து பூசினார்கள். சட்டத்தை வேண்டிய நீளத்துக்கு அறுத்துக்கொள்ளலாம். கட்டை 14 அங்குலத்தில் நின்றால் என்ன, 19இல் நின்றால் என்ன? புதிய வீட்டிலும் கதவு, யன்னல் ஓரங்களில் இடைவெளி மாறும். சுவரின் கடைசி இடைவெளி, மிச்சம் எவ்வளவோ அவ்வளவுதான்.

முதல் கட்டையைக் கண்டதும் 16, 16 என்று அளந்துகொண்டே போய்த் துளை போடுகிறவரின் திருகாணி சில இடங்களில் வெறும் பலகையைத்தான் பிடிக்கும். மாட்டிய அலுமாரி அன்றைக்கு நிற்கும். நிற்பதுதான் ஆபத்து, நம்பி அதற்குள் சாமான்களை அடுக்குவோம். கைபழகிய தச்சர் சின்னக் காந்தம் ஒன்றைச் சுவரில் நகர்த்திப் பார்ப்பார். பலகையைக் கட்டையோடு பிடித்த திருகாணி இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். மேலும் கீழுமாக இரண்டு மூன்று இடத்தில் ஒட்டினால்தான் மெல்லிய துளை ஒன்று போட்டு உறுதிசெய்வார். தேவையான இடத்தில் கட்டை இல்லையா? இருக்கிற இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே தடித்த பலகை ஒன்றைத் திருகி, பாரத்தை அந்தப் பலகையில் மாட்டுவார்.

நம் குடும்பங்களில் இவ்வளவு கவனம் இருக்கிறதா? மூத்தவர் என்றால் தாங்குவார் என்பது நமது 16 அங்குலக் கணக்கு. தங்கையின் கலியாணம், ஊர் வீட்டின் கூரை, தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிட்ட கடன், எல்லாம் அண்ணையின் தலையில். அவர் பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை. அவரால் எவ்வளவு முடியும் என்று எவரும் கேட்டதில்லை; பிறந்த வரிசையைப் பார்த்தோம், மாட்டினோம். ஒரு நாள் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, அவர் பலமானவர் அல்லவா என்று வியக்கிறோம். இதில் வியக்க என்ன இருக்கிறது?

இன்றைய நற்செய்தியில் இயேசு பேதுருவிடம் விண்ணரசின் திறவுகோல்களைத் தருவதாகச் சொல்கிறார். அடுத்த ஞாயிறு நற்செய்தியில் அதே பேதுருவைக் கடுமையாகக் கண்டிக்கிறார். பேதுரு எங்கே உறுதி, எங்கே உள்ளீடற்றவர் என்பது ஆண்டவருக்குத் தெரியும். தெரிந்தும் அவரை விலக்கவில்லை. ஆனால் மத்தேயு 18ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: கட்டவும் அவிழ்க்கவும் பேதுருவுக்குச் சொன்ன அதே அதிகாரத்தைச் சீடர்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறார். திருச்சபையின் பாரத்தை ஒரே மனிதரில் மட்டும் அவர் தொங்கவிடவில்லை.

ஆகவே ஒரு வேலை தருகிறேன். இந்த வாரம் உங்கள் அண்ணைக்கோ அக்காவுக்கோ தொலைபேசி எடுங்கள். உங்களுக்குக் காசு கேட்டுப் பேச்சைத் தொடங்காதீர்கள். எவ்வளவு கடன் மிச்சம், எத்தனை மணிநேரம் நித்திரை என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பிறகு தம்பி தங்கைகள் கூடிப் பேசி, எதை யார் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள்.