நானே செய்தேன்

கணிப்பொறியைக் கடையில் முழுமையாக வாங்காமல், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டில் இணைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடையே பல்லாண்டுகளாக உண்டு. சென்னை ரிச்சி தெருவில் மதர்போர்டும் பிராசசரும் வாங்கிக்கொண்டு பேருந்தேறும் இளைஞர்களை இன்றும் காணலாம். திரை ஒளிர்ந்ததும் அவர்கள் சொல்வது, "இதை நானே செய்தேன்" என்பதுதான். பெருமைக்குரிய சொல்லே. எனினும் அதன் பொருள் என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பது நன்று.

1975ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'ஆல்டேர் 8800' என்னும் கணிப்பொறி உதிரி உறுப்புகளாக விற்கப்பட்டபோது, வாங்கியவர் ஒவ்வோர் உறுப்பையும் தம் கையாலேயே பற்றவைக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு திருப்புளி போதும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிநபர் கணிப்பொறியின் அமைப்பு விவரங்களை நூலாகவே வெளியிட்டது. 1995இல் இன்டெல் நிறுவனம் பலகையின் அளவையும் திருகுத் துளைகளின் இடத்தையும் வரையறுத்து 'ஏ.டி.எக்ஸ்.' என்னும் பொது நெறியைத் தந்தது. ஒருவரையொருவர் அறியாத பலர் ஓர் அளவுக்கு உடன்பட்டதால்தான் நம் வீட்டு மேசையில் அவை பொருந்துகின்றன. அப்படியானால் இணைப்பவருக்கு உரியதாக எஞ்சுவன இரண்டே: அவருடைய தொடுகையும் அவருடைய தேர்வும்.

தொடுகை அற்பமானதன்று. நம் உடலில், குறிப்பாகக் குளிரூட்டப்பட்ட உலர்ந்த அறையில், நிலைமின்னேற்றம் சேர்கிறது. அது பாய்வதை நாம் சுரீரென்று உணர ஏறத்தாழ 3000 வோல்ட் வேண்டும். நுண்சில்லுகளுள் சிலவோ 100 வோல்ட்டுக்கும் குறைவான அளவிலேயே பழுதடையக்கூடியவை. இன்றைய பலகைகளில் பாதுகாப்பு கூடியுள்ளது என்பது உண்மையே. ஆயினும் இடைவெளி இடைவெளிதான். தீங்கு நிகழ்கிறது; செய்த விரலுக்கு அது தெரிவதில்லை. சில வேளைகளில் உறுப்பு உடனே சாவதுமில்லை. காயத்தோடு இயங்கி, சில திங்கள் கழித்துக் காரணம் புலப்படாமல் நின்றுபோகிறது. அப்போது நாம் உற்பத்தியாளரைக் குறைகூறுகிறோம்.

மனச்சான்றைப் பற்றிப் பேசுங்கால் பெரும்பாலும் உறுத்தலையே அளவுகோலாகக் கொள்கிறோம். உறுத்தவில்லை, ஆகவே குற்றமில்லை என்கிறோம். இவ்வளவுகோல் போதுமா? வீட்டுப் பெரியவர் விளையாட்டாகச் சொன்ன ஒரு சொல் பிள்ளையின் உள்ளத்தில் பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. சொன்னவருக்கு அது மறுநாளே நினைவிலில்லை. உணராத ஒன்றுக்கு ஒருவர் எப்படிப் பொறுப்பாவார் எனக் கேட்கலாம். அறிய இயலாததை அறியாதிருப்பது வேறு, அறியக் கடமைப்பட்டதை அறியாதிருப்பது வேறு என்று 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமா அக்குவினார் வகுத்துக் காட்டினார். நிலைமின்னேற்றம் உணர இயலாததாக இருக்கலாம், அறிய இயலாததன்று. கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டுப் பின் உறுப்பைக் கையிலெடுக்க ஒரு நொடி போதும். உணர்வு எட்டாத இடத்தில் அறிவு எட்டுகிறது. பொறுப்பும் அங்கேயே தொடங்குகிறது எனலாம்.

இனித் தேர்வு. கையிலுள்ள பணத்தில் பெரும்பகுதி பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போய்விடுகிறது. நண்பர்கள் கேட்பது அவற்றைப் பற்றித்தான். மிஞ்சியதில் எஸ்.எம்.பி.எஸ். வாங்கப்படுகிறது. எவரும் புகழாத அந்தப் பெட்டிதான் மற்ற எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரம் அளிப்பது. தரமற்றதாயின் தான் கெடுவதோடு, பக்கத்திலிருப்பவற்றையும் கெடுத்துவிடக்கூடும். மேலே ஒட்டிய தாளில் 500 வாட் என்று அச்சிட எவருக்கும் சிரமமில்லை. உள்ளே அத்தனை ஆற்றல் உண்டா என்பதைச் சுமையேற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

தமக்கென இணைப்பவர் மலிவானதைப் போட்டால் இழப்பு அவருடையது. பிறருக்கு இணைத்துத் தருபவரின் நிலை வேறு. கேபினட்டின் மூடியைத் திருகியபின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர் ஒருவருக்கே தெரியும். அவரை மட்டும் பழிப்பதும் முறையன்று. பிராசசரின் பெயரையும் ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவையும் கேட்டுவிட்டு, மொத்த விலையில் நூறு நூறாகக் குறைக்கச் சொல்லும் நாம், அந்த நூறுகள் எந்த உறுப்பிலிருந்து கழிகின்றன என்று கேட்பதில்லை. மூடியைத் திறந்து காட்டி, ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் விலையையும் பட்டியலில் எழுதித் தரும் கடைக்காரர்களும் இல்லாமலில்லை. அவர்களிடம் விலை சற்றுக் கூடும். பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த கடைக்கு விலை கேட்கப் போவோரே மிகுதி.