கணக்கும் சுற்றமும்

கிட்கிந்தையை ஆண்ட வாலி, பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரத்தில் உள்ள வாலீசுவரர் கோயிலில் சிவபெருமானை வழிபட்டு வலிமை பெற்றான் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் தலக்கதை. அவனுடைய பக்தியை இராமகாதையும் மறுப்பதில்லை. திசைதோறும் சென்று நீராடி, நாள் தவறாது வழிபட்ட அடியவனாகவே அவன் நினைக்கப்படுகிறான். ஆயினும் தம்பியின் மனைவியைக் கவர்ந்துகொண்ட பிழை அவன்மேல் நின்றபோது, அவ்வழிபாடு அனைத்தும் சேர்ந்தும் அவனைக் காக்கவில்லை. ஓரிடத்துச் செய்த நன்மை மற்றோரிடத்துச் செய்யும் தீமைக்கு உரிமைச்சீட்டு ஆகாது என்பதை இக்கோயிலில் தொழுவோர் யாவரும் அறிவர். அறிந்திருந்தும், நம் காலத்தில் தொண்டர் என்று பெயர் பெற்றோரிடத்து அவ்வறிவைப் பயன்படுத்தத் தயங்குகிறோம்.

தொண்டு செய்பவரிடம் கணக்குக் கேட்பது நன்றி மறந்த செயல் என்று நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. ஏழைக்காகவும் ஆதரவற்ற குழந்தைக்காகவும் பேச முன்வந்த ஒருவரை, முன்வந்தார் என்பதற்காகவே நல்லவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். அரசும் இவ்வாறே நடந்துகொள்கிறது. தானே ஆற்றவேண்டிய காவற்பணியை ஒரு தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைத்து, ஆண்டுதோறும் பொதுப்பணத்தை அளித்து, பதிவேட்டில் கையொப்பம் இட்டதோடு கடமை நிறைவேறியதாக அமைதி கொள்கிறது. அந்த அமைதிக்கு யார் விலை கொடுக்க நேர்ந்தது என்பதைப் பீகார் மாநிலத்து முசாபர்பூர் நகரில் நாடு கண்டது.

அந்நகரில் பிரஜேஷ் தாக்கூர் என்பவரின் பொறுப்பில் இருந்த 'சேவா சங்கல்ப் ஏவம் விகாஸ் சமிதி' என்னும் தொண்டு நிறுவனம், அரசின் பொருளுதவியோடு ஆதரவற்ற சிறுமியருக்கான காப்பகம் ஒன்றை நடத்திவந்தது. தாக்கூர் நாளிதழ் நடத்தியவர். ஊரில் செல்வாக்கு உடையவர். அவருடைய அச்சகமும் காப்பகமும் ஒரே வளாகத்தில் இருந்தன. பொருளுதவி பெறும் காப்பகங்களை ஆய்வு செய்து தருமாறு மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தைப் பீகார் அரசே கேட்டுக்கொண்டது. அந்நிறுவனத்தின் 'கோஷிஷ்' குழுவினர் மாநிலம் முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட இல்லங்களுக்குச் சென்றுவந்து, 2018-ஆம் ஆண்டின் முற்பகுதியில் தங்கள் அறிக்கையை அளித்தனர். முசாபர்பூர்ச் சிறுமியர் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கப்படுகின்றனர் என்று அவ்வறிக்கை கூறியது. மே 31 அன்று வழக்குப் பதிவாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட சிறுமியர் அவ்வாறு துன்புறுத்தப்பட்டமை மருத்துவ ஆய்வில் தெரியவந்தது.

இந்நிகழ்ச்சியை நினைக்கும்போதெல்லாம் என் மனம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. ஆய்வுக்குச் சென்ற அக்குழுவினரிடம் சோதனையிடும் அதிகாரம் இல்லை. கைது செய்யும் அதிகாரமும் இல்லை. குழந்தைகளோடு அமர்ந்து அவர்கள் பேசினர், குழந்தைகள் சொன்னதைப் பொறுமையோடு கேட்டனர், கேட்டதை எழுதினர். அதற்கு முன்பும் அவ்வில்லத்துக்கு அலுவலர்கள் ஆய்வுக்கு வந்து போனதுண்டு. அந்த வருகைகளில் ஒன்றேனும் இச்சிறுமியரின் துயரை வெளியே கொண்டுவரவில்லை. பதிவேட்டை ஒருவர் அரைமணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். அஞ்சி ஒடுங்கிய ஒரு குழந்தை வாய் திறக்கும்வரை அருகில் காத்திருப்பதற்கோ, சட்டம் எழுதிக் கொடுத்துவிட முடியாத ஒரு குணம் வேண்டும். அந்தக் குணம் அக்குழுவினரிடம் இருந்தது. அதனால்தான் கதவு திறந்தது.

பிறகு அரசியல் கொந்தளித்தது. வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. ஆகஸ்ட் 2 அன்று இடதுசாரிக் கட்சிகள் மாநிலம் தழுவிய முழு அடைப்பு நடத்தின. அன்றே உச்ச நீதிமன்றமும் தானாக முன்வந்து இவ்விவகாரத்தைக் கையில் எடுத்தது. முதலமைச்சர் நிதிஷ் குமார் இதற்காக வெட்கப்படுவதாக வெளிப்படையாகச் சொன்னார். சமூக நலத்துறை அமைச்சராக இருந்த மஞ்சு வர்மா ஆகஸ்ட் 8 அன்று பதவி விலகினார். அவருடைய கணவருக்கும் தாக்கூருக்கும் இடையே பலமுறை தொலைபேசிப் பேச்சு நிகழ்ந்ததாக எழுந்த குற்றச்சாட்டே அதற்குக் காரணம். இந்த வழக்கின் தொடர்பில் அமைச்சரின் வீட்டில் நடந்த சோதனையில் துப்பாக்கித் தோட்டாக்கள் கைப்பற்றப்பட்டன. அதன்பேரில் தனி வழக்கும் எழுந்தது. சில காலம் மஞ்சு வர்மா இருக்கும் இடம் காவல்துறைக்கே தெரியவில்லை என்ற நிலையை உச்ச நீதிமன்றம் கடிந்துகொண்ட பின், நவம்பரில் அவர் நீதிமன்றத்தில் சரணடைந்தார். வழக்கு விசாரணை 2019 பிப்ரவரியில் டெல்லிக்கு மாற்றப்பட்டது. 2020 ஜனவரியில் பத்தொன்பது பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. பிப்ரவரி 11 அன்று, எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறையில் கழிக்கவேண்டும் என்ற தண்டனை தாக்கூருக்கு விதிக்கப்பட்டது.

அமைச்சரின் கணவர் செய்தது இன்னது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. அமைச்சர் தம்மேல் பிழையில்லை என்றே சொல்லிவந்தார். என் கவலை வேறு. ஒரு மாநிலத்தின் ஆதரவற்ற குழந்தைகள் அனைவருக்கும் தாய்நிலையில் இருக்கவேண்டிய பதவியை ஏற்றவர், தம் வீட்டார் யாரோடு உறவாடுகின்றனர், எதற்காக உறவாடுகின்றனர் என்பதை முதலில் தாமே கேட்டறிந்திருக்க வேண்டும். பதவி ஒருவருக்கு வரும்போது அதன் சுமை வீட்டார் அனைவர்மேலும் இறங்குகிறது. பெருமையில் பங்கு கொள்ள விரையும் சுற்றம் அந்தச் சுமையிலும் பங்கு கொள்ளவேண்டும். இதை நம் முன்னோர் நம்மைவிடத் தெளிவாக அறிந்திருந்தனர்.

உத்திரமேரூர்க் கோயிற் சுவரில், முதலாம் பராந்தகச் சோழனின் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் பெரிதும் பேசப்படுகின்றன. குடத்தில் ஓலையிட்டுத் தேர்ந்தெடுத்த முறையை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். யாருடைய பெயர் அந்தக் குடத்துக்குள் போகக்கூடாது என்று அவ்வூர்ச் சபை விதித்ததைச் சிலரே நினைக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மீண்டும் நிற்க முடியாது. அவனோடு அவ்விதி நிற்கவில்லை. அவனுடைய தந்தை, மகன், தாயோடு பிறந்தவர், தந்தையோடு பிறந்தவர், சிற்றன்னை பேரன்னையின் மக்கள், அத்தை மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவின் கிளை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடுக்கி, இவர்களும் நிற்கக்கூடாது என்று கல்லில் எழுதிவைத்தார்கள். அச்சபை நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவருக்கு மட்டுமே திறந்திருந்தது. ஊரில் உழைத்தோர் பெரும்பாலோர்க்கு அங்கு இடமில்லை. அந்தக் குறையை மறைத்து அதைப் புகழ்வது முறையன்று. ஆனால் பொதுப்பொருளைக் கையாளும் மனித இயல்பை அவர்கள் கூர்ந்து நோக்கியிருந்தார்கள் என்பதை மறுக்க இயலாது.

மாமன் செய்த பிழைக்கு மருமகன் ஏன் தண்டனை பெறவேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. இன்றைய சட்டத்தில் அவ்விதியை அப்படியே கொண்டுவர நானும் விரும்பமாட்டேன். எனினும் அது ஒரு வீட்டுக்குள் என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். கணக்கு முடிக்காத தந்தையால் தன் வழி அடைபடும் என்று அறிந்த மகன், ஊர் கேட்பதற்கு முன்பே கணக்கைக் கேட்பான். தங்கை கணவனின் ஓலை குடத்தில் ஏறாது என்று அறிந்த மைத்துனன் இரவிலேனும் உறக்கம் கெட்டு ஏட்டைச் சரிபார்ப்பான். பிழையை மறைப்பதில் இயல்பாக ஒன்றுகூடும் சுற்றத்தை, பிழையைத் தடுப்பதில் ஒன்றுகூட வைத்த ஏற்பாடு அது.

இதன் மறுதலையை அமெரிக்க நாட்டில் காணலாம். 1970-ஆம் ஆண்டில் ஆர்க்கன்சா மாநிலத்தில் வேட் ராத்கே என்பவர் ஏழைக் குடும்பங்களை ஒன்றுதிரட்டித் தொடங்கிய 'ஏகார்ன்' என்னும் அமைப்பு, நாற்பது ஆண்டுக் காலத்தில் நாடு முழுவதும் பல இலட்சம் குடும்பங்களை உறுப்பினராகக் கொண்டு வளர்ந்தது. குடியிருப்புக்காகவும், குறைந்தபட்சக் கூலிக்காகவும், ஏழைகளின் வாக்குரிமைப் பதிவுக்காகவும் அது உழைத்தது. அரசின் பொருளுதவியும் அதற்குக் கிடைத்தது. 1999, 2000 ஆண்டுகளில், நிறுவனரின் உடன்பிறந்தவர் அமைப்பின் பணத்தில் ஏறத்தாழ பத்து இலட்சம் டாலரைக் கையாடல் செய்தது உள்ளே இருந்தோர் சிலருக்குத் தெரியவந்தது. காவல்துறைக்குச் சொல்லவில்லை. உறுப்பினர்களுக்கும் சொல்லவில்லை. குடும்பம் சிறுகச் சிறுகத் திருப்பித் தரட்டும் என்று தமக்குள் முடித்துக்கொண்டனர். கையாடியவரும் அங்கேயே பணியில் நீடித்தார். அமைப்பின் நற்பெயரைக் காப்பதாக அவர்கள் நம்பியிருக்கக் கூடும். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 2008-இல் உண்மை வெளிவந்தபோது நிறுவனர் விலக நேர்ந்தது. அமைப்பு மறுத்தாலும் விளக்கினாலும் அதன்பின் யாரும் செவி கொடுக்கும் நிலை இல்லை.

அடுத்த ஆண்டு செப்டம்பரில், பொய் வேடம் பூண்டு வந்த இருவர் அவ்வமைப்பின் கிளைகளில் மறைத்துப் படம்பிடித்து வெளியிட்டனர். ஊழியர் சிலர் குற்றத்துக்குத் துணைபோவதுபோல் அப்படங்கள் காட்டின. சில நாட்களுக்குள் நாடாளுமன்றத்தின் மேலவை 83-க்கு 7 என்ற கணக்கிலும், கீழவை 345-க்கு 75 என்ற கணக்கிலும் அமைப்புக்கான அரசுப் பணத்தை நிறுத்த வாக்களித்தன. அதனிடம் ஆதரவு கேட்டு வாழ்ந்த அரசியலாரே அதைக் கைவிட்டனர். படங்கள் பெரிதும் வெட்டி ஒட்டப்பட்டவை என்றும், ஊழியர்கள் குற்றம் இழைத்ததாகத் தெரியவில்லை என்றும் 2010-இல் கலிபோர்னியா மாநிலத்து அரசு வழக்குரைஞர் அறிவித்தார். அரசுப் பணம் தவறாகச் செலவிடப்பட்டதற்குச் சான்றில்லை என்று நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அமைப்பும் கூறியது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. அமைப்பு கலைந்து, அவ்வாண்டு நவம்பரில் நொடிப்பு மனுவும் அளித்தது.

அவசரப்பட்டு வாக்களித்த அரசியலார் நீதி தவறினர் என்பதில் எனக்கு ஐயமில்லை. பொய் வேடம் பூண்டவர்களின் செயலும் இழிவானது. ஆனால் அந்தப் பகை வந்து தாக்கியபோது அமைப்பைத் தாங்கி நிற்கவேண்டிய நம்பிக்கையை, முன்னரே உடன்பிறந்தவருக்காகச் செலவழித்து முடித்திருந்தனர். ஓர் உடன்பிறந்தவரின் மானத்தைக் காக்க எட்டு ஆண்டு அடைத்துவைத்த உண்மை, நாற்பது ஆண்டு உழைப்பைத் தன்னோடு கொண்டுபோயிற்று. இழந்தவர்கள் ராத்கே குடும்பத்தார் அல்லர். வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்படும் நாளில் ஓடிவந்து துணைநிற்க ஓர் அமைப்பு இருந்தது என்று நம்பியிருந்த ஏழைகள்.

பீகாரிலும் இழப்பு யாருடையது என்று பாருங்கள். அமைச்சராக இருந்தவருக்கு 2020-இல் அவருடைய கட்சி மீண்டும் தேர்தலில் நிற்க இடம் கொடுத்தது, அவர் தோற்றார், அரசியல் தன் வழியே நகர்ந்தது. அந்தச் சிறுமியர் வேறு வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். நீதிமன்றத்தில் நின்று சொல்லவொண்ணாததைச் சொன்னவர்கள் அவர்களே. அவர்கள் சொன்னதனால்தான் குற்றவாளிகள் சிறை சென்றனர். அந்தத் துணிவுக்கு ஈடாக நாம் எதைக் கொடுத்துவிட முடியும்? நாடெங்கும் நேர்மையாகக் காப்பகம் நடத்திவரும் எளிய மனிதர்கள் அதன்பின் எத்தனை ஐயப் பார்வைகளைத் தாங்கியிருப்பார்கள் என்பதையும் எண்ணவேண்டும். பொதுப்பணத்தில் தொண்டு செய்பவன் தவறினால், தவறாதவனுடைய பெயரையும் சேர்த்தே விற்றுவிடுகிறான்.

ஒருவன் ஒரே நாளில் இந்நிலைக்கு வந்து சேர்வதில்லை. முதலில் வழிச்செலவுச் சீட்டு ஒன்று இல்லாமலே கணக்கில் ஏறும். பிறகு உறவினரின் வாகனம் நிறுவனத்துக்கு வாடகைக்கு வரும். கேள்வி கேட்ட ஊழியர் ஒருவர் வேலையை விட்டு நீங்குவார். அவர் எதற்காக நீங்கினார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஆய்வுக்கு வரும் அலுவலர்க்கு விருந்து அளிக்கப்படும். இருபது ஆண்டு இப்படிக் கழிந்தபின், தன்னைக் கேட்க எவரும் இல்லை என்ற உணர்வு அவனுக்கு மூச்சுப்போல் இயல்பாகிவிடும். அவனைத் தொடக்கத்திலேயே நிறுத்தியிருக்கக் கூடியவர் மனைவி, மகன், உடன்பிறந்தான், நெடுநாள் நண்பன் ஆகியோர் மட்டுமே. அவர்கள் அன்பின் பெயரால் வாய்மூடினர். அந்த அன்பு அவனுக்குச் செய்த தீங்கை எந்தப் பகைவனும் செய்திருக்க மாட்டான்.

ஆதலின் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இல்லம் நடத்துவோரிடம் ஒன்றை வேண்டுகிறேன்: வரவையும் செலவையும், பணியில் இருக்கும் உறவினர் யார் யார் என்பதையும், எவரும் கேட்பதற்கு முன் வாயிலில் எழுதி வையுங்கள். அவ்வாறு எழுதி வைத்தவர்மேல் நாளை பொய்ப்பழி வந்தாலும் ஊர் அவர் பக்கம் நிற்கும். அவர்களுடைய வீட்டாரிடமும் ஒன்றை வேண்டுகிறேன்: ஐயம் எழுந்த அன்றே கேட்டுவிடுங்கள். ஊர்மக்களாகிய நாம் திருவிழா நாளில் அன்னதானம் அளித்து, புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு நிற்காமல், அங்குள்ள குழந்தையோடு சிறிது நேரம் தனித்து அமர்ந்து பேசவேண்டும். ஏதேனும் தவறாகத் தோன்றினால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரவிலும் பகலிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.